ஐப்பசி மழையும் ஆறு கட்டையும்

மாசி மாதம், சுருதி சேர்த்த அன்றே, எங்கள் வீட்டு அப்ரைட் (கம்பிகள் நெட்டுக்குத்தாக நிற்கும்) பியானோவின் நடு ஆறு கட்டையை (C-யிலிருந்து எண்ணினால் ஆறாவது வெள்ளைக் கட்டை, மேற்கத்திய A) மட்டும் ஒருமுறை அழுத்திப் பதிந்து வைத்தேன். ஐப்பசியில் அடைமழை நான்காம் நாளாகக் கொட்டிக்கொண்டிருந்த ஓர் இரவில் அதே கட்டையை அழுத்தி இன்னொரு பதிவு எடுத்தேன். இரண்டையும் கணினியில் சேர்த்து ஓடவிட்டபோது ஒலி ஒரே சீராக நிற்கவில்லை. வினாடிக்கு இரண்டு முறை விம்மித் தணிந்தது. பள்ளிக்கூட இயற்பியலில் ‘விம்மல்’ என்று படித்தோமே, அதுதான். மாசியில் வினாடிக்கு 440 அதிர்வுகளாக இருந்த கம்பி, ஐப்பசியில் 442 ஆகியிருந்தது. நடுவில் அதை யாரும் முறுக்கவில்லை.

மழைக்காலத்தில் வாத்தியத்தின் சுருதி இறங்கும் என்றுதான் நமக்குப் பழக்கம். பறையைத் தீயில் காய்ச்சித்தான் அடிப்பார்கள். ஈரம் ஏறிய தோல் தொய்ந்துவிடும். பியானோ இதற்கு நேர்மாறாக, ஈரத்தில் ஏறுகிறது. கம்பியோ எஃகு. தண்ணீரைக் குடிக்காத பொருள். அப்படியானால் ஏறுவது எதனால்?

அப்ரைட் பியானோவைச் சுவரிலிருந்து தள்ளிப் பின்பக்கம் பார்த்தால் விடை அங்கே நிற்கிறது. முதுகு முழுவதும் ஒரே பலகை. ஸ்ப்ரூஸ் என்ற குளிர்நாட்டு ஊசியிலை மரத்தில் செய்தது. இவ்வளவு பெரிய பலகைக்குத் தடிமன் ஒரு சென்டிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். இதுதான் ஒலிப்பலகை. வீணையில் கம்பிகளைத் தாங்கும் குதிரை இருப்பதுபோல இந்தப் பலகையின் மேலும் நீண்ட மரக் குதிரைகள் உண்டு. கம்பிகள் அவற்றை அழுத்திக்கொண்டு செல்கின்றன. பலகை தட்டையானதும் அல்ல. கம்பிகளை நோக்கி மெல்லிய வளைவோடு செய்திருப்பார்கள். மரம் ஈரத்தை வாங்கினால் நார்களின் நீளவாக்கில் அநேகமாக மாறாது, குறுக்குவாக்கில்தான் உப்பும். ஆனால் குறுக்கே ஒட்டியிருக்கும் மரச்சட்டங்கள் பலகையை அகலவிடாது. போக வழியில்லாத பலகை மேலும் வளைகிறது; குதிரையைத் தூக்குகிறது; கம்பி இறுகுகிறது.

சுருதி இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுவதால், 440 என்பது 442 ஆக இழுவிசை நூற்றில் ஒரு பங்கு கூடினால் போதும். ஒரு கம்பியில் அது சின்ன விஷயம். ஆனால் பியானோவில் 88 கட்டைகளுக்குச் சுமார் 230 கம்பிகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு வளர்ந்த ஆளைத் தொங்கவிட்டது போன்ற விசையில் நிற்கிறது. மொத்தம் 18 டன்னுக்குக் குறையாது. இந்தச் சுமையைத் தாங்குவது உள்ளே இருக்கும் வார்ப்பிரும்புச் சட்டம். பாஸ்டனில் ஆல்ஃபியஸ் பாப்காக் என்ற பியானோத் தயாரிப்பாளர் ஒரே வார்ப்பான இரும்புச் சட்டத்துக்கு 1825-இல் காப்புரிமை வாங்கினார். இரும்பு அசையாது, மரம் அசையும். இந்த இரண்டுக்கும் நடுவில் சிக்கியிருப்பதுதான் சுருதி.

எல்லாக் கம்பிகளும் ஒரே அளவில் ஏறினாலாவது தனியாக வாசிப்பவருக்குத் தெரியாமல் போகும். அப்படி நடப்பதில்லை. நடுப்பகுதியும் அதற்குச் சற்றுக் கீழும் அதிகம் ஏறும். உச்சியும் அடிமட்டமும் அவ்வளவு நகராது. அதனால் பியானோ தன்னோடு தானே ஒத்துப்போகாமல் ஆகிறது.

கடற்கரை ஊர்களில் ஈரம் கூடுவதைவிட, ஈரம் ஏறி இறங்குவதே பெரிய கேடு என்பது என் அனுபவம். இரவு முழுவதும் ஏசி ஓடினால் அறை காய்கிறது. காலையில் ஜன்னலைத் திறந்ததும் கடல்காற்று உள்ளே வருகிறது. மரம் தினமும் உப்பி வற்றுகிறது. நான் பியானோ இருக்கும் அறையில் ஏசி போடுவதையே விட்டுவிட்டேன். ஓர் ஈரப்பதமானியை வாங்கி அதன் மேல் வைத்திருக்கிறேன். சென்னைக்குப் பியானோ புதிதல்ல. அண்ணா சாலையில் இன்றும் இருக்கும் மியூசி மியூசிக்கல் கடை 1842-இல் மிஸ்குவித் கம்பெனியாகத் தொடங்கியது. வெப்பநாட்டுப் பழைய வீடுகளில் பியானோவின் கீழ்ப்பெட்டிக்குள் ஒரு சிறிய குண்டு பல்பை எரியவிட்டு வைப்பார்கள். அந்த மெல்லிய சூட்டில் உள்காற்று காய்ந்திருக்கும், கம்பியில் துரு ஏறாது, கட்டைகள் உப்பிச் சிக்கிக்கொள்ளாது.

பழைய பியானோ வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நான் வாங்கியபோது அதன் சுருதி கால் கட்டை, அதாவது அடுத்தடுத்த இரண்டு கட்டைகளின் இடைவெளியில் பாதி, இறங்கியிருந்தது. சுருதி சேர்த்த ஒரே வாரத்தில் மறுபடியும் கலைந்தது. வேலை சரியில்லை என்று கோபப்பட்டேன், அது தவறு. கால் கட்டை ஏற்ற, இழுவிசையை நூற்றுக்கு ஆறு பங்கு கூட்ட வேண்டும். மொத்தத்தில் அது ஒரு டன்னுக்கு மேல் புதிய சுமை. பலகை அந்தச் சுமையில் அமுங்கும். முதலில் சேர்த்த கம்பிகள், கடைசிக் கம்பிகளை முறுக்கும்போதே இறங்கத் தொடங்கிவிடும். அதனால்தான் முதலில் எல்லாவற்றையும் தோராயமாக மேலே இழுத்துவிட்டு, பிறகு நிதானமாக இரண்டாம் முறை சேர்க்கிறார்கள். சில வாரம் கழித்து மூன்றாம் முறையும் தேவைப்படலாம்.

சுருதி சேர்ப்பவர் வந்தால் நான் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவேன். முன்பலகைகளைக் கழற்றி வைத்துவிட்டு, நடுப்பகுதிக் கம்பிகளுக்கிடையே நீண்ட கம்பளித் துணிப்பட்டையைச் செருகுவார். பெரும்பாலான கட்டைகளுக்கு மூன்று மூன்று கம்பி. பட்டை ஓரக் கம்பிகளை அடக்கிவிட, நடுக்கம்பி மட்டும் பேசும். வீணைக்குப் பிருடை போல இதற்கு எஃகு முளைகள். மரத்துக்குள் வெறும் உராய்வில் நிற்பவை. அவற்றில் நீண்ட கைப்பிடிச் சாவியை மாட்டி, வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் மேலே ஏற்றி, கட்டையை ஓங்கித் தட்டி, மெல்ல இறக்கி நிறுத்துவார். “ஏன் இவ்வளவு பலமா அடிக்கிறீங்க?” என்று ஒருமுறை கேட்டேன். “நான் அடிச்சும் நகராத கம்பிதான் தம்பி, நீங்க வாசிக்கும்போதும் நகராது” என்றார். முளை முறுகியே நின்றாலோ, கம்பி வளையும் இடங்களில் இழுவிசை பிடித்து நின்றாலோ, நாளைக்கு அது தானே சமன் ஆகும்போது சுருதி போய்விடும். அந்தச் சமனை இப்போதே வரவழைக்கத்தான் அந்த அடி.

அவர் எதைக் கேட்டுச் சேர்க்கிறார் என்பது இன்னும் சுவையானது. தம்புராவின் மந்தர சட்ஜக் கம்பியை மீட்டினால், யாரும் வாசிக்காத காந்தாரம் ஒன்று தானாகக் கேட்கும். சுயம்பு காந்தாரம். அது அந்தக் கம்பியின் ஐந்தாம் சீரிசை, அதாவது அடிச்சுரத்தைப் போல ஐந்து மடங்கு வேகத்தில் அதிரும் மேற்சுரம். அந்தக் காந்தாரத்தில் வளர்ந்த காதுக்குப் பியானோவின் காந்தாரம் கொஞ்சம் ஏறியே ஒலிக்கும். அது காதின் பிழை அல்ல, அரைக்கட்டையில் ஏழில் ஒரு பங்கு அது உண்மையாகவே ஏறித்தான் இருக்கிறது. தம்புராவுக்கு ஒரே சட்ஜம். பியானோவிலோ பன்னிரண்டு கட்டைகளும் சட்ஜமாக உட்காரத் தயாராக இருக்க வேண்டும். சுத்தமான ச-ப உறவில் பன்னிரண்டு படி ஏறினால், ஏழு ஸ்தாயி தாண்டி, தொடங்கிய சுரத்துக்கே வந்து சேர வேண்டும். சேர்வதில்லை. 128 மடங்கு வர வேண்டிய இடத்தில் 129.75 மடங்கு வருகிறது. இந்த மிச்சத்தைப் பன்னிரண்டு பஞ்சமங்களுக்கும் பங்குபோட்டுக் கழிப்பதுதான் சம இடைவெளிச் சுருதி.

கழித்ததை அளக்க விம்மல்தான் கருவி. நடு ஆறு கட்டைக்கு ஒரு ஸ்தாயி கீழே, 220-இல் இருக்கும் கட்டையை அதன் பஞ்சமத்தோடு சேர்த்து அழுத்தினால், ஒன்றின் மூன்றாம் சீரிசை 660. மற்றதன் இரண்டாம் சீரிசை 659.26. நான்கு வினாடிக்கு மூன்று விம்மல், சோம்பலாக உருளும். அதே 220-ஐ அதற்குக் கீழே இருக்கும் நாலு கட்டையோடு அழுத்தினால், அதாவது நாலு கட்டைக்கு அந்தர காந்தாரமாக, வினாடிக்கு ஏழு விம்மல் படபடக்கும். சுருதி சேர்ப்பவர் இந்த வேகங்களைக் காதில் எண்ணித்தான் முளையைத் திருப்புகிறார். பஞ்சமத்தை விம்மலே இல்லாமல் சேர்த்துவிட்டால் அது தப்பு.

இத்தோடு முடிந்தால் எல்லாம் கணக்குதான். ஆனால் எஃகுக் கம்பிக்கு விறைப்பு உண்டு. அதனால் அதன் மேற்சுரங்கள் 2, 3, 4 மடங்கில் துல்லியமாக விழாமல் சற்று மேலே ஏறி விழுகின்றன. உயரம் குறைந்த அப்ரைட்டில் கீழ்க்கம்பிகள் குட்டையாகவும் தடிமனாகவும் இருப்பதால் அங்கே இது அதிகம். எஃகையே தடிமனாக்கினால் இன்னும் விறைக்கும் என்பதால்தான் கீழ்க்கம்பிகளுக்குச் செம்புக் கம்பி சுற்றி எடை கூட்டுகிறார்கள். ஏறிய மேற்சுரங்களோடு ஒத்துப்போக, மேல் ஸ்தாயிகளைக் கொஞ்சம் உயர்த்தியும் கீழ் ஸ்தாயிகளைத் தாழ்த்தியும் சேர்க்க வேண்டும். நல்ல காதுகள் தன்னிச்சையாகச் செய்துவந்த இந்த விரிவை 1938-இல் இயற்பியலாளர் ரெயில்ஸ்பேக் அளந்து வரைபடமாக்கினார்.

கடைசியாக மூன்று கம்பிகள். நடுக்கம்பியோடு ஓரக் கம்பிகளை ஒட்டவைக்கும்போது விம்மல் மெதுவாகி, மெதுவாகி, நின்றே போகும். அந்தக் கணம் ஒலி சட்டென்று ஒரே நூலாகும், கேட்டவர்களுக்கு மறக்காது. இருந்தாலும் மூன்றும் அச்சுப் பிசகாமல் ஒன்றாக இருப்பது நல்லதல்ல என்று இயற்பியலாளர் காப்ரியேல் வைன்ரைக் 1977-இல் காட்டினார். சுத்தியல் பட்டதும் மூன்று கம்பிகளும் ஒன்றாகக் குதிரையைத் தள்ளுகின்றன. ஆற்றல் பலகைக்கு வேகமாக வடிந்து ஒலி உரத்துக் கேட்கிறது. கம்பிகளுக்குள் மிகச் சிறிய வேறுபாடு இருந்தால், சற்று நேரத்தில் அவை எதிரெதிராக அசையத் தொடங்கி ஒன்றின் தள்ளலை மற்றது கழித்துவிடும். குதிரை அநேகமாக அசையாது. மிச்ச ஆற்றல் கம்பியிலேயே தங்கி நெடுநேரம் மெல்லக் கசியும். பியானோவின் பாடுவது போன்ற அந்த நீண்ட வால் இப்படித்தான் பிறக்கிறது.

வீட்டில் பதிவு செய்பவர்கள் மைக்கை எங்கே வைப்பது என்று குழம்புவதும் இந்தப் பலகையை மறப்பதால்தான். ஒரு மில்லிமீட்டர் கம்பி தனியாகக் காற்றை அசைக்க முடியாது. ஒலி பிறப்பது முதுகில். சுவரோடு ஒட்டிய பியானோவுக்கு முன்னால் மைக் வைத்தால் கிடைப்பது சுத்தியல் சத்தமும் சுவர் எதிரொலியும். ஓர் அடியாவது முன்னே இழுத்து, பின்பக்கம் பலகையை நோக்கி ஒரு மைக். மேல்மூடியைத் திறந்து சுரம் தொடங்கும் கணத்தின் தெளிவுக்கு இன்னொன்று. இரண்டுக்கும் தூரம் 34 சென்டிமீட்டர் வேறுபட்டால் ஒரு மைக்குக்கு ஒலி ஆயிரத்தில் ஒரு வினாடி தாமதமாக வரும். 500 ஹெர்ட்ஸ் அருகில் இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும். இரண்டு பதிவையும் ஒற்றைத் தடமாகக் கலந்து கேட்டால் ஒலி ஒல்லியாகிவிடும். அப்போது ஒரு மைக்கை நகர்த்த வேண்டும்.

ஃபேனை நிறுத்திவிட்டு, இரவு பதினொன்றுக்கு மேல்தான் நான் பதிவு செய்கிறேன். ஒருமுறை ஏழு கட்டையில் மட்டும் ஓர் இரைச்சல். பியானோவுக்குள் அரைமணி நேரம் தேடினேன். ஷோகேஸில் சாய்த்து வைத்திருந்த எவர்சில்வர் தட்டு அந்தச் சுரத்துக்கு ஒத்ததிர்ந்திருக்கிறது. இப்போது தட்டு சமையலறையில் இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் அந்த ஆறு கட்டைப் பதிவு தொடர்கிறது. கோப்பின் பெயரில் தேதியும் ஈரப்பதமும். அடுத்த சுருதி சேர்ப்பைத் தை கடைசிக்குத் தள்ளியிருக்கிறேன், பலகை காய்ந்து அடங்கட்டும் என்று.