மறுபடி விண்டோஸ் போடும் முன் தேதியைப் பாருங்கள்

இந்த மாதத்தில் இது நான்காவது. பெகுவிலிருந்து ஒரு தம்பி சிபியுவைப் பழைய கைலியில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்து ரங்கூனுக்குக் கொண்டுவந்தான். "அண்ணே, புதுசா விண்டோஸ் 10 போட்டேன். மூணு நாள் நல்லா ஓடுச்சு. கரண்ட் போய் வந்ததும் நீலத் திரை. திரும்பப் போட்டேன், திரும்ப அதே கதை. ஹார்ட் டிஸ்க் போச்சா?"

(விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. அந்தத் திட்டு வேறொரு நாளைக்கு.)

டிஸ்க் நன்றாகத்தான் இருந்தது. பயாஸை, அதாவது விண்டோஸ் ஏறும் முன் போர்டு காட்டும் செட்டிங் பக்கத்தை, திறந்தேன். தேதி: 2016 ஜனவரி 1. அதற்கு மேல் பார்க்க ஒன்றும் இல்லை. போர்டில் இருக்கும் வட்ட பேட்டரி, சிஆர்2032, 3 வோல்ட் இருக்க வேண்டியது 1.9 காட்டியது.

பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை அந்த பேட்டரிக்கு வேலையே இல்லை. கரண்ட் போனால்தான் கடிகாரத்தையும் பயாஸ் செட்டிங்கையும் அது தாங்குகிறது. முறை வைத்துக் கரண்ட் வரும் நம் ஊரில் அது பாதி நாள் உழைக்கிறது. வேறு ஊரில் பல வருஷம் வருவது இங்கே சீக்கிரமே தீர்ந்துபோகிறது. தீர்ந்ததும் போர்டு எல்லாவற்றையும் மறந்து பழைய செட்டிங்குக்குப் போய்விடும். தம்பி ஏதோ ஒரு வீடியோ சொன்னபடி டிஸ்க் செட்டிங்கை (போர்டு டிஸ்க்கோடு பேசும் முறை) ரெய்டிலிருந்து ஏஹெச்சிஐக்கு மாற்றித்தான் விண்டோஸ் போட்டிருக்கிறான். கரண்ட் போனது, போர்டு ரெய்டுக்குத் திரும்பியது, விண்டோஸுக்கு டிஸ்க் எட்டவில்லை. ஒவ்வொரு முறையும் அதே வீடியோ, அதே மூன்று நாள்.

சரி, எனக்கு எரிச்சல் தருவது பேட்டரி இல்லை. "விண்டோஸ் ஏறவில்லை என்றால் போட்டது சரியில்லை, அழித்துவிட்டுப் புதிதாகப் போடு" என்ற நினைப்புதான். போட்ட விண்டோஸ் டிஸ்க்கில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. அதைத் தேடிப் போகும் வழிதான் கெட்டது. யூஈஎஃப்ஐ என்ற புது பூட் முறையில் போட்டதை லெகஸி என்ற பழைய முறையில் தேடினாலும் இதே கதிதான். அப்போது 'பூட் டிவைஸ் இல்லை' என்று வரும், உடனே டிஸ்க் செத்துவிட்டது என்பார்கள். சாகவில்லை ஐயா! இரண்டு டிஸ்க் உள்ள மெஷினில் உபுண்டு லினக்ஸின் கிரப் (எந்த சிஸ்டம் ஏற வேண்டும் என்று கேட்கும் பூட் மெனு) இன்னொரு டிஸ்க்கில் போய் உட்கார்ந்திருந்தாலும் அப்படித்தான். பென்டிரைவைப் பிடுங்க மறந்து, ரீஸ்டார்ட் ஆனதும் முதலிலிருந்து இன்ஸ்டால் கேட்கிறதே என்று அழாத குறையாக வந்தவர்களும் உண்டு. இதில் எதற்கும் அழிப்பது மருந்தில்லை.

ஆகவே, ஏறவில்லையா? முதலில் பென்டிரைவைக் கழற்றுங்கள். பயாஸில் தேதியைப் பாருங்கள். பழைய வருஷம் காட்டினால் பேட்டரியை மாற்றிவிட்டு, போடும்போது வைத்திருந்த செட்டிங்கைத் திரும்ப வையுங்கள். அது என்னவென்று நினைவில்லையா? அதனால்தான் விண்டோஸ் போட்ட அன்றைக்கே பயாஸ் பக்கங்களைப் போனில் படம் எடுத்து வையுங்கள் என்று தொண்டை வறளச் சொல்கிறேன். விண்டோஸ் 11 லேப்டாப் என்றால் பயாஸில் கை வைக்கும் முன் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்க ரெக்கவரி கீயை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் வந்தால் நானும் கையைப் பிசைய வேண்டியதுதான்.

உள்ளே கணக்கு, கல்யாணப் படம் என்று ஏதாவது இருந்தால், தயவு செய்து இன்ஸ்டால் திரையில் வரும் 'டிலீட்' பட்டனைத் தொடாதீர்கள். உபுண்டு பென்டிரைவை, இன்ஸ்டால் செய்யாமல், முயன்று பார்க்கும் முறையில் ஏற்றினாலே பெரும்பாலும் ஃபைல்களை வேறு டிரைவுக்கு நகல் எடுத்துவிடலாம். அதுவும் வராவிட்டால் அணைத்துவிட்டு அப்படியே கொண்டுவாருங்கள்.

பெகு தம்பி மூன்றாவது முறை எல்லாப் பார்ட்டிஷனையும் (டிஸ்க்கின் பிரிவுகளை) அழித்திருந்தான். டி டிரைவில் அவன் அப்பாவின் கடைக் கணக்கு இருந்திருக்கிறது. பழைய ஹார்ட் டிஸ்க் என்பதால் தோண்டிப் பார்க்கவாவது முடிந்தது. எஸ்எஸ்டி என்றால் ஃபார்மேட் ஆகும்போதே, அழித்த இடத்தைக் காலி செய்யும் டிரிம் வேலை பார்த்துவிடும், அப்புறம் தோண்ட ஒன்றும் இருக்காது. இரண்டு ராத்திரி, நடுவில் கரண்ட் போகும்போதெல்லாம் இன்வெர்ட்டரில் ஓட்டி, பாதிக் கணக்கை மீட்டேன். மீதியை அவன் அப்பா சிட்டையைப் பார்த்துத் திரும்ப ஏற்றிக்கொண்டிருக்கிறார்.