பாட்டு பழையது, ஒலிப்பதிவு யாருடையது?

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் பொட்காஸ்ட் தொடங்குகிறவர்கள் முதலில் தேடுவது அறிமுக இசையை. சிக்கலும் பெரும்பாலும் அங்கேயே தொடங்கிவிடுகிறது. “பத்து செக்கன் போட்டால் பிரச்சினை இல்லை”, “பாடினவருடைய பெயரைச் சொன்னால் போதும்” என்ற இரண்டு பேச்சையும் தயவுசெய்து நம்பாதீர்கள். பத்து செக்கன் என்றொரு விலக்கு சட்டத்தில் கிடையாது. பெயர் சொன்னதால் அனுமதி கிடைத்துவிடாது.

காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தரை எடுத்துக்கொள்வோம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதியவரின் ஆயுள் முழுவதும், அதன்பின் 70 ஆண்டுகளும் பதிப்புரிமை உண்டு. அவர் காலமானது 1947இல்; ஆகவே 2017உடன் அந்தக் காலம் முடிந்தது. அவருடைய கவிதையை நீங்களே மெட்டமைத்து, நீங்களே பாடி வெளியிடத் தடையில்லை. ஆனால் அதே கவிதைக்கு அண்மையில் ஒருவர் மெட்டுப் போட்டு, இன்னொருவர் பாடி, ஒரு ஸ்டூடியோ பதிவு செய்திருந்தால் மெட்டு, குரல், பதிவு மூன்றுக்கும் தனித்தனியே உரிமை இருக்கிறது. யூடியூப்பில் இருந்து இறக்கிப் போடுகிறவர் இந்த மூன்றையும் மீறுகிறார்.

கூத்துப் பாட்டு, வசந்தன் பாட்டு, நாட்டார் கவி என்றால் இன்னும் கவனம் வேண்டும். நாட்டார் கலை வெளிப்பாடுகளுக்குச் சட்டத்தில் தனிப் பிரிவே உள்ளது. வணிக நோக்கில் பயன்படுத்தக் கட்டுப்பாடு உண்டு. பாடிக்கொடுத்த அண்ணாவியாருக்கும் (கூத்துப் பழக்கும் ஆசிரியர்) தன் குரலில் பாடியதன் மீது உரிமை இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வந்த “ஓம், போடுங்க” போதாது. எந்தப் பாட்டு, எந்தெந்தத் தளம், எத்தனை காலம், வெட்டித் தொகுக்கலாமா, விளம்பரத்தோடு போடலாமா என்று ஒரு பக்கத்தில் எழுதி, இரு தரப்பும் திகதியிட்டுக் கையொப்பம் வையுங்கள்.

விளம்பரம் பற்றிய அந்த வரி முக்கியம். இலவச இசை என்று எடுத்ததில் ‘வணிகமற்ற பயன்பாட்டுக்கு மட்டும்’ என்ற கிரியேட்டிவ் கொமன்ஸ் (ஆக்கியவரே நிபந்தனையோடு பிறர் பயன்படுத்த விடும் பொது உரிமம்) நிபந்தனை இருக்கலாம். இருபது பாகம் போன பிறகு கல்முனைக் கடையொன்று அனுசரணை தந்தால், பழைய பாகங்களின் இசையையும் மாற்ற வேண்டிவரலாம். உரிமப் பக்கத்தைத் திகதியோடு ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள்.

பொட்காஸ்டோடு செயலியும் செய்கிறீர்கள் என்றால், அதில் எழுத்துரு, ஐகன், நிரல் நூலகம் (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல்) மூன்றின் உரிமத்தையும் பாருங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற திறந்த உரிம எழுத்துருவைச் செயலிக்குள் சேர்க்கலாம். எம்ஐடி என்ற திறந்த உரிம நிரலென்றால் அதன் உரிமைக் குறிப்பைச் செயலியிலும் வைக்க வேண்டும். ஜிபிஎல் என்ற இன்னொரு திறந்த உரிமம் என்றால் உங்கள் நிரலையும் திறந்து கொடுக்க வேண்டி வரலாம்.

நிகழ்ச்சிக்கோ செயலிக்கோ பெயர் வைக்குமுன் ப்ளே ஸ்டோர், அப் ஸ்டோர், கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகம் மூன்றிலும் தேடுங்கள். தமிழ், சிங்களம், ஆங்கிலம் எதில் எழுதினாலும், கேட்க ஒன்றுபோல இருந்தால் சிக்கல்தான். பெயரை வர்த்தகக் குறியாகப் பதிவதென்றால், இறக்கிப் பயன்படுத்தும் செயலி 9ஆம் வகுப்பு. கல்வி, பொழுதுபோக்கு நிகழ்ச்சி 41ஆம் வகுப்பு. வர்த்தகக் குறிப் பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், புதுப்பிக்கலாம். வியாபாரப் பெயரைப் பதிந்தால் வர்த்தகக் குறியும் கிடைத்துவிட்டது என்று எண்ண வேண்டாம்.

முறைப்பாடு வந்தால் அதை ஒதுக்கி வைக்காதீர்கள். யூடியூப்பில் 90 நாளுக்குள் மூன்று பதிப்புரிமை எச்சரிக்கை விழுந்தால் சனலே போகலாம். கையொப்பமிட்ட தாள் இருந்தால் மட்டும் எதிர்மனு போடுங்கள். இல்லையென்றால், பொட்காஸ்ட் ஒலிக்கோப்பை நீங்கள் ஏற்றி வைத்திருக்கும் மூல ஹோஸ்டிங் கணக்கிலேயே மாற்றுங்கள். கேட்கும் செயலிகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் எடுக்கின்றன. நேயர்கள் ஏற்கெனவே இறக்கிய பிரதிகளைத் திருப்பி எடுக்க வழியில்லை.