ஒரு திரை, மூன்று போர்ஷன்

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரே வீட்டைத் தடுத்துத் தடுத்துப் போர்ஷன்களாக வாடகைக்கு விட்டிருப்பார்கள். நடுவே ஒரு சுவர்; போதாவிட்டால் பின்கட்டில் இன்னொரு தடுப்பு. ஜன்னல்களை ஓடு பதித்தாற்போல் அடுக்கும் மென்பொருளான டைலிங் விண்டோ மேனேஜர் கணினித் திரையைப் பிரிப்பதும் இப்படித்தான். ஜன்னல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாது. 1985-இல் வந்த விண்டோஸ் 1.0-விலும் ஏறாது என்பது பலருக்கு மறந்தே போய்விட்டது.

மைக்கேல் ஸ்டேப்பல்பெர்க் 2009-இல் வெளியிட்ட ஐ3 (i3) என்ற டைலிங் மேனேஜரைப் பார்ப்போம். லினக்ஸில் திரையைக் கவனித்துக்கொள்ளும் எக்ஸ்11 சர்வரிடம் ஒரு புரோகிராம் ‘என் ஜன்னலைக் காட்டு’ என்றால், அது உடனே காட்டாது. விண்டோ மேனேஜரிடம் தள்ளிவிடும். அந்த அதிகாரம் ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான். இரண்டாவது மேனேஜர் வந்து கேட்டால் பிழைச்செய்திதான் கிடைக்கும்.

அந்தப் பேட்டையில் டிடிபி வேலை பார்க்கும் நண்பரின் லேப்டாப் திரை 1366 × 768 பிக்சல். ஸ்கேன் பிரதி, எடிட்டர், டெர்மினல் மூன்றும் கண்ணெதிரே இருந்தாக வேண்டும். முதல் ஜன்னல் முழுத் திரையையும் எடுத்துக்கொள்ளும். இரண்டாவது வந்தால் ஆளுக்கு 683 பிக்சல் அகலம். மூன்றாவதையும் சும்மா திறந்தால் மூன்றும் 455 அகலத்துக்கு ஒடுங்கும். நீளமான தமிழ்ச் சொற்கள் வரிக்கு வரி மடங்கி உயிரை வாங்கும். எடிட்டரில் நின்று, மோட் கீயோடு (ஐ3 கட்டளைகளுக்கென்று நாம் ஒதுக்கும் கீ) ஆங்கில ‘வி’யை (V) அழுத்திவிட்டுத் திறந்தால் கதை வேறு. ஸ்கேன் 683-லேயே நிற்கும். வலப்பாதி மட்டும் மேலும் கீழுமாக உயரத்தில் 384, 384 என்று பிரியும். பட்டையும் ஓரக்கோடும் தின்னும் சில பிக்சல்கள் தனி.

காரணம், ஐ3 தன் நினைவில் வைத்திருப்பது ஒரு மரம். ஜன்னல்கள் இலைகள்; அவற்றைத் தாங்கும் ஒவ்வொரு கிளைக்கும் கிடைமட்டமோ செங்குத்தோ ஒரு திசை உண்டு. ‘வி’ அழுத்தியதும் எடிட்டரைச் சுற்றிப் புதுக் கிளை முளைக்கும். அடுத்த ஜன்னல் அதற்குள் போய் உட்காரும். ஆகவே திசையை முதலில் சொல்ல வேண்டும். ஜன்னலைத் திறந்த பிறகு ‘வி’ அழுத்திவிட்டு ‘ஒண்ணும் நடக்கலையே’ என்று முழிக்காத புதியவர் குறைவு.

2006-இல் வந்த டிடபிள்யூஎம் (dwm) என்ற இன்னொரு மேனேஜரில் இந்தத் தலைவலி இல்லை: முதன்மை ஜன்னலுக்கு 55 சதவீத அகலம், மற்றவை பக்கத்தில் அடுக்காக. மூன்று ஜன்னலுக்கு அதுவே போதும் என்பேன்.

மோடாக விண்டோஸ் கீயை வைப்பது நல்லது. கன்ட்ரோலையும் ஆல்ட்டையும் மென்பொருள்களே பயன்படுத்துகின்றன. தமிழ்99 விசைப்பலகையை மட்டும் லேஅவுட்டாகப் போட்டால் இன்னொரு சிக்கல். ‘வி’ இருந்த இடத்தில் ‘வ’ வந்துவிடும், குறுக்குவிசை படுத்துவிடும். ஐ3-இன் அமைப்புக் கோப்பில் குறுக்குவிசையை வரையறுக்கும் பைண்ட்சிம் (bindsym) என்ற சொல்லுக்குப் பதில் பைண்ட்கோட் (bindcode) எழுதி, எழுத்துக்குப் பதில் கீயின் எண்ணைக் கொடுங்கள். வழக்கமான கீபோர்டில் ‘வி’க்கு 55. மற்ற எண்களை எக்ஸ்இவி (xev) கட்டளை காட்டும்.