சிகிச்சையைப் பாதியில் நிறுத்துவதற்கு முன்

போன வாரமும் ஒரு கணவர் தொலைபேசியில் அழைத்தார். “நான்கு சிட்டிங் முடிந்துவிட்டது மேடம். முன்பு கையைக் கழுவிக்கொண்டே இருப்பாள், அவ்வளவுதான். இப்போது அழுகிறாள், எரிந்து விழுகிறாள். உங்களிடம் வந்த பிறகுதான் மோசமாகியிருக்கிறது. இனி அனுப்பப் போவதில்லை.” உளச்சிகிச்சையாளரான எனக்கு இப்படி ஓர் அழைப்பு வராத மாதமே இல்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அந்தப் பெண்ணுக்கு ஓசிடி, அதாவது வேண்டாத எண்ணம் விடாமல் துரத்த, அதைத் தணிக்க ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் மனநோய். அஞ்சுகிற பொருளைத் தொட்டுவிட்டு, கழுவாமல் இருந்து பழகும் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. நான்காவது அமர்வில் அவர் கழிப்பறைத் தாழ்ப்பாளைத் தொட்டார். பதற்றம் தானாகத் தணியும்வரை கை கழுவாமல் உட்கார்ந்திருந்தார். அன்று மாலை வீட்டில், “என் கை சுத்தமாகத்தானே இருக்கிறது?” என்று கணவரிடம் திரும்பத் திரும்பக் கேட்பதையும் நிறுத்திப் பார்த்தார். ஆறுதல் கேட்காமல் பதற்றத்தைத் தனியே தாங்கினால் அழுகை வரும், எரிச்சலும் வரும். அந்த மாலை அவருக்கு நரகமாக இருந்தது. வீட்டாருக்கு நோய் முற்றியதாகத் தெரிந்தது. நோயின் பிடி தளரத் தொடங்கிவிட்டது என்று நான் குறிப்பேட்டில் எழுதியிருந்தேன். இந்தச் சிகிச்சைக்கு வழக்கமாக 12 முதல் 20 அமர்வுகள் தேவைப்படும். நான்கில் நிறுத்துவது, ஒருவரைப் பாதிக் கிணற்றில் இறக்கிவிட்டுக் கயிற்றை அறுப்பதற்குச் சமம். இதை முதல் நாளே வீட்டாருக்கும் விளக்குகிறோம். அப்போது தலையாட்டுகிறவர்கள் அழுகையைக் கண்டதும் மறந்துவிடுகிறார்கள்.

இதற்கெல்லாம் வேர் ஒரே ஒரு தவறான எண்ணம்: உளச்சிகிச்சை என்றால் அறிவுரை. “நாங்கள் சொன்னால் கேட்பதில்லை, நீங்கள் நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கள்” என்று மகனை அழைத்து வருகிறார்கள். அறிவுரையால் தீர்வதாக இருந்தால் எங்களிடம் வருவதற்கு முன்பே தீர்ந்திருக்க வேண்டுமே! மனச்சோர்வில் இருப்பவருக்கு வீட்டிலும் அலுவலகத்திலும் கல்யாண மண்டபத்திலும் கிடைக்காத அறிவுரையா? ‘மனதைத் தளரவிடாதே’, ‘காலையில் நடந்துவிட்டு வா’, ‘உன்னைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் எத்தனை பேர்’ எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டு, அவற்றின்படி நடக்க முடியாத குற்றவுணர்ச்சியையும் சுமந்துகொண்டுதான் அவர் வருகிறார். அதையே நானும் சொல்வதற்கு என் படிப்பு எதற்கு?

அறிவுரை என்று நினைப்பதால் கணக்கும் தப்பாகிறது. புத்தி சொல்ல ஒரு மணி நேரம் போதும், ஆகவே இரண்டாம் வாரமே “இன்னுமா?” என்ற கேள்வி. மாற்றம் என்பதற்கும் அவர்கள் வைத்திருக்கும் பொருள் பணிவு. மகன் சொன்னதைக் கேட்டால் குணமாகிவிட்டான். “எனக்கு இது வேண்டாம்” என்று முதல் முறையாக வாய் திறந்தால் கெட்டுப்போய்விட்டான். பல வருடங்களாக வாயை மூடிக்கொண்டிருந்தவர் மறுத்துப் பேசுவது சில சமயம் சிகிச்சையின் முதல் பலனாக இருக்கும். சில சமயம் மட்டும்தான். எல்லாச் சண்டையும் முன்னேற்றம் ஆகிவிடாது. பிரித்துப் பார்ப்பது எங்கள் வேலை.

எத்தனை அமர்வு வேண்டும் என்பதற்கு 1986-இல் அமெரிக்க உளவியலாளர் கென்னத் ஹோவர்டும் சகாக்களும், 2,400-க்கும் மேற்பட்டோரைப் பற்றிய பழைய ஆய்வுகளைத் தொகுத்து ஒரு கணக்குப் போட்டார்கள். எட்டாவது அமர்வுக்குள் ஏறக்குறைய பாதிப் பேரிடமும், 26-வது அமர்வுக்குள் முக்கால்வாசிப் பேரிடமும் அளவிடத்தக்க முன்னேற்றம் தெரிந்தது. இரண்டாவது அமர்விலேயே தீர்ப்பு எழுதுகிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

சிகிச்சைக்கு வருபவருக்கே தன் மாற்றம் சட்டென்று தெரிவதில்லை. “ஒன்றும் மாறவில்லை” என்று தொடங்கும் ஒருவர், பேச்சுவாக்கில் வண்டியைச் சர்வீஸுக்கு விட்டதையும், பால்காரரிடம் கணக்கு கேட்டதையும் சொல்வார். இரண்டு மாதங்களுக்கு முன்பு படுக்கையை விட்டு எழாதவர் அவர். அவர் தேடுவது மகிழ்ச்சியை. அது வருவதற்கு முன்பே சின்னச் சின்னக் காரியங்கள் திரும்பிவிடுகின்றன. இன்னொன்றும் உண்டு. நாங்கள் மெனக்கெட்டுத் தயாரித்த விளக்கத்தையெல்லாம் மறந்துவிட்டு, “அன்று நான் அழுதபோது நீங்கள் அவசரப்படுத்தவில்லை, அதுதான் எனக்கு உதவியது” என்பார்கள். எது வேலை செய்தது என்பதில் இரு தரப்பின் நினைவும் ஒத்துப்போவது அபூர்வம்.

அதற்காகச் சிகிச்சையாளர் பார்வையே சரி என்று யாரும் நம்பிவிட வேண்டாம். அமெரிக்கப் பல்கலைக்கழக ஆலோசனை மையம் ஒன்றின் ஆய்வு 2005-இல் வெளியானது. சிகிச்சையில் இருந்த 550 பேரில் யார் யார் மோசமாவார்கள் என்று சிகிச்சையாளர்களிடம் கேட்டார்கள். அவர்கள் சுட்டியது மூன்றே பேரை. முடிவில் மோசமானவர்கள் 40 பேர். எங்கள் தொழிலில் இருக்கும் ஒவ்வொருவரும் மேசைமேல் எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய எண்கள் இவை. அதனால்தான் மனச்சோர்வை அளவிடும் பிஎச்க்யூ-9 போன்ற வினாத்தாளைக் கொடுக்கிறோம். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்விகள், பூஜ்யம் முதல் 27 வரை மதிப்பெண். சலித்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் ஒரே கட்டத்தில் டிக் அடிக்காதீர்கள். என் கண்ணுக்குத் தப்பியதை அந்தத் தாள் காட்டிக்கொடுக்கும்.

எனவே, “எனக்கு ஒன்றும் மாறவில்லை” என்பதை என்னிடம் சொல்லுங்கள், முகத்துக்கு நேரே. மனம் நோகுமே என்று தயங்க வேண்டாம். முறையை மாற்றலாம், இலக்கைத் திருத்தலாம், வேறொருவரிடம் அனுப்பலாம். பல அமர்வுகள் கடந்தும் அசைவே இல்லை, கேட்டாலும் சிகிச்சையாளர் விளக்கம் தரவில்லை என்றால் ஆளை மாற்றுவது உங்கள் உரிமை. சிகிச்சை தருபவரின் படிப்பையும் பதிவையும் தொடக்கத்திலேயே கேட்டுவிடுங்கள். சற்றுத் தேறியதும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மனநல மருத்துவரைக் கேட்டுத்தான் குறைக்க வேண்டும்.

வீட்டாருக்கு: ஒவ்வொரு அமர்வு முடிந்ததும் “என்ன சொன்னார்கள்?” என்று குடையாதீர்கள். என்னிடமும் கேட்காதீர்கள், 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி அந்த ரகசியத்தைக் காப்பது என் கடமை. சாகவேண்டும் என்ற பேச்சு எழுந்தால் மட்டும் அடுத்த அமர்வுவரை காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸை 14416 என்ற இலவச எண்ணில் அழைத்து எந்நேரமும் பேசலாம்.

நிறுத்துவது என்றே முடிவு செய்துவிட்டால், தயவுசெய்து ஒரே ஒரு முறை அவரை அனுப்பிவையுங்கள், கோபத்தோடு வந்தாலும் சரி. அதுவரை கற்றதை வீட்டில் எப்படித் தொடர்வது, மறுபடி கூடினால் எந்த அறிகுறியில் திரும்பி வருவது என்று எழுதிக் கொடுக்க எனக்கு அந்த ஓர் அமர்வு வேண்டும்.