வாழ்க்கைத் தரமா, வாழ்நலமா?

முற்றிய இரைப்பைப் புற்றுக்கு அறுவை செய்துகொள்ளப் போகிறவர்களிடம் கொடுக்கும் தமிழ்ப் படிவங்களில் ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்: 'இந்த அறுவை சிகிச்சை நோயாளியின் வாழ்க்கைத் தரத்தை உயர்த்தும்.' ஈரோட்டுப் பக்கத்து அம்மா ஒருவர், கணவருக்காக அதைப் படித்துவிட்டு என்னிடம் கேட்டார்: "இருந்த காட்டையும் அடமானம் வெச்சாச்சுங்க. இனி எங்கீங்க தரம் உயர்றது?" அவர் தமிழைச் சரியாகத்தான் புரிந்துகொண்டார். பிழை எழுதியவருடையது.

படிவத்தின் 'வாழ்க்கைத் தரம்' ஆங்கில 'குவாலிட்டி ஆஃப் லைஃப்' என்பதன் தமிழாக்கம். அதிலுள்ள 'குவாலிட்டி' லத்தீன் வழி வந்தது. கிரேக்கத் தத்துவச் சொல் ஒன்றுக்கு ஈடாக, 'எத்தகைய' என்று பொருள்படும் 'குவாலிஸ்' என்பதிலிருந்து சிசரோ ஆக்கியது. இத்தகைய அறுவையை ஆங்கிலத்தில் 'பேலியேட்டிவ்' என்பார்கள். அதன் வேரான 'பல்லியம்' என்றால் போர்வை. நோயை வேரறுக்காமல் உபாதையைக் குறைக்கும் சிகிச்சை அது. 'நோய்த்தணிப்பு' நன்றாகவே பொருந்துகிறது.

சிக்கல் 'தரம்' என்ற சொல்லில். பருத்தியைத் தரம் பிரிக்கிறோம். நிலத்துக்குத் தரம் வைத்துத் தீர்வை போட்டார்கள். இலங்கையில் பள்ளி வகுப்புக்கே தரம் என்று பெயர். எங்கும் அது வெளியாள் ஒருவர் பார்த்து இடும் படிநிலை. 'வாழ்க்கைத் தரம்' என்றதும் வருமானம், வீடு, விலைவாசிதான் நினைவுக்கு வரும். 'ஸ்டாண்டர்ட் ஆஃப் லிவிங்' என்பதற்கு அந்தச் சொல் கச்சிதம். அதையே 'குவாலிட்டி ஆஃப் லைஃப்' என்பதற்கும் மாட்டிவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

மருத்துவர்கள் உண்மையில் கேட்பது என்ன? இ.ஓ.ஆர்.டி.சி. என்ற ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வு அமைப்பின் வினாத்தாளில் எல்லாப் புற்றுநோயாளிக்கும் 30 கேள்விகள், இரைப்பைப் புற்றுக்கென்று மேலும் 22. திட உணவு இறங்குகிறதா, நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிரம்பிவிடுகிறதா, புளித்த நீர் வாய்க்கு வருகிறதா, பிறர் முன்னால் உட்கார்ந்து சாப்பிடச் சங்கடமாக இருக்கிறதா. அந்த 30இல் பணக்கஷ்டம் பற்றியது ஒரே ஒரு கேள்வி!

இரைப்பையின் கீழ்வாயைப் புற்றுக்கட்டி அடைத்துவிட்டால் நேற்றுச் சாப்பிட்ட சோறு இன்று வாந்தியில் அப்படியே வரும். அப்போது சிறுகுடலை இழுத்து இரைப்பையோடு இணைத்து மாற்றுவழி போடுகிறார்கள். வியன்னாவில் அறுவை மருத்துவர் வோல்ஃப்ளர் 1881இல் செய்து காட்டிய அறுவை இது. கட்டி அங்கேயே இருக்கும். ஆனால் குடித்த கஞ்சி வயிற்றில் தங்கும், இரவில் தூங்க முடியும். இந்த மாற்றத்துக்கு 'தரம்' என்று பெயர் வைக்க யாருக்கு மனம் வரும்?

'வாழ்தரம்' என்று சிலர் சுருக்கி எழுதுகிறார்கள். சுருங்கியது எழுத்துத்தான், பிழை அப்படியே இருக்கிறது.

நான் 'வாழ்நலம்' என்பேன். 'நலம் என்றாலே நன்மைதானே, மோசமான நிலையை எப்படிச் சொல்வீர்கள்' என்று மறுக்கிறார்கள். 'உடல்நலம் குன்றினார்' என்று நாள்தோறும் எழுதுகிறோமே. நலம் குன்றும், குலையும், தேறும், மீளும். தரத்துக்கு இத்தனை வினைகள் கிடையாது. உயரும், தாழும், அவ்வளவுதான். 'நல்வாழ்வு' என்று வைக்கலாமே என்போரும் உண்டு. அது துறைப் பெயராகி, திட்டங்களின் பெயராகிப் பொருள் நீர்த்துவிட்டது.

இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு அதுதான் முதன்மை. உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி, ஒருவர் தன் வாழ்நிலையைத் தானே எப்படி உணர்கிறார் என்பதே 'குவாலிட்டி ஆஃப் லைஃப்'. 'நலமா?' என்று கேட்டால் கேட்கப்பட்டவர்தான் பதில் சொல்ல வேண்டும். தரத்தை எதிரில் நிற்பவர் சொல்லிவிடலாம்.

மொழிபெயர்ப்பாளர்கள் ஏன் இதைக் கவனிப்பதில்லை? தமிழாக்கியதை மறுபடி ஆங்கிலமாக்கிச் சரிபார்க்கும் வழக்கம் இருக்கிறது. 'வாழ்க்கைத் தரம்' பத்திரமாக 'குவாலிட்டி ஆஃப் லைஃப்' என்றே திரும்பி வரும், ஏனென்றால் இரு பக்கமும் இருப்பவர்கள் ஆங்கிலத்தை மனத்தில் வைத்துத் தமிழைப் படிப்பவர்கள். ஆங்கிலம் அறியாத ஒரு நோயாளியிடம் வாசித்துக் காட்டியிருந்தால் ஒரே நிமிடத்தில் குட்டு வெளிப்பட்டிருக்கும்.

'பேலியேட்டிவ்' என்பதை 'இறுதிக்கட்ட அறுவை' என்று எழுதுகிறவர்கள் செய்வது இதைவிடக் கொடுமை. அடைப்பு நீங்கி நாலு வாய் உள்ளே போனால்தான் கீமோவைத் தாங்கத் தெம்பு வரும். அதற்காகவே இந்த அறுவையைச் செய்துகொள்பவர்கள் இருக்கிறார்கள். 'இறுதிக்கட்டம்' என்று தாளில் கண்ட குடும்பம், எதற்கு வீணாக உடம்பைக் கிழிப்பானேன் என்று அவரை வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விடும்.