பதினேழு மட்டும் ஏன் வரவில்லை?

தேவிப்பட்டினம் பக்கம் ஓர் இறால் பண்ணை. குளத்து நீரின் ஆக்சிஜன் அளவை அனுப்ப ஒரு சின்ன லினக்ஸ் கணினி, அதிலிருந்து சீரியல் கேபிளில் ஒரு ஜிஎஸ்எம் மோடம். "தம்பி, கனெக்‌ஷன் ஏறிருச்சுன்னு காட்டுது. ஆனா ஒண்ணும் போக மாட்டேங்குது" என்றார் பண்ணைக்காரர்.

இந்தக் கரையில் முதல் சந்தேகம் உப்புக் காற்றின் மேல்தான். பழைய பாம்பன் ரயில் பாலமே அரிப்பால் 2022 டிசம்பரில் ஓய்ந்தது. ஒன்பது ஊசி கனெக்டர் எம்மாத்திரம்? கழற்றினால் ஊசிகளில் பச்சைக் களிம்பு. சுரண்டித் துடைத்தேன். கேபிளின் மோடம் பக்க முனையில் தரவு போக, வர உள்ள 2, 3 ஊசிகள் இரண்டையும் சிறு கம்பியால் இணைத்து, கணினியில் தட்டிப் பார்த்தேன். தட்டிய எழுத்தெல்லாம் பிசகாமல் திரும்பின. சரி, கேபிளில் குறை இல்லை.

அப்புறம் பிங்: மறுமுனைக்கு ஒரு சின்னப் பொட்டலம் அனுப்பி, பதில் திரும்புகிறதா என்று பார்க்கும் சோதனை. வழக்கமான பிங் ஒன்றுகூடத் திரும்பவில்லை. மோடத்தை ஒருமுறை அணைத்துப் போட்டு, உள்ளே எதையும் நிரப்பாமல், வரிசை எண் உள்ள தலைப்பை மட்டும் அனுப்பினேன். 1, 2, 3 என்று 16 வரை வந்தது. 17 வரவில்லை. 18 வந்தது. 19-இலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

படகிலிருந்து கூடை இறக்கும்போது, வாங்குபவர் கை நிறைந்தால் "நிறுத்து" என்பார். மோடத்துக்கும் அப்படி ஒரு வழி வேண்டும். 7, 8 ஊசிகளில் அதற்கென்றே தனிக் கம்பிகள் உண்டு. கம்பி இல்லாவிட்டால் தரவு ஓடும் பாதையிலேயே சொல்ல வேண்டும்: 19 என்ற பைட் (தரவின் ஓர் எண்) வந்தால் நிறுத்து, 17 வந்தால் தொடர். இந்தக் கேபிளில் மூன்றே கம்பிகள். அதனால் யாரோ மோடத்தை இரண்டாவது வழியில் வைத்திருக்கிறார்கள். தரவுக்குள் வரும் 17-ஐயும் 19-ஐயும் அது கட்டளை என்று நினைத்து விழுங்கிவிடுகிறது. கணினிக்கும் மோடத்துக்கும் இடையே தரவைச் சட்டகம் சட்டகமாகக் கட்டி அனுப்பும் முறைக்குப் பெயர் பிபிபி. ஒரு பைட் குறைந்தாலும் அந்தச் சட்டகத்தின் கடைசியில் உள்ள சரிபார்ப்பு எண் பொருந்தாது. சட்டகம் சத்தமில்லாமல் குப்பைக்குப் போகும். பிபிபி அதைத் திரும்ப அனுப்பாது.

அப்படியானால் கனெக்‌ஷன் மட்டும் எப்படி ஏறியது? பேச்சுவார்த்தை நடக்கும்போது 32-க்குக் கீழ் உள்ள எல்லா எண்களையும் பிபிபி வேஷம் போட்டுத்தான் அனுப்பும். முதலில் 125, அடுத்து எண்ணோடு 32 சேர்த்து: 17 என்பது 49 ஆகப் போகும். பேசி முடித்ததும், வேஷம் வேண்டாம் என்று இரு பக்கமும் ஒப்புக்கொண்டால், எண்கள் அப்படியே போகும். லினக்ஸின் வழக்கமான பிங் தன் வயிற்றில் 16 முதல் 55 வரை வரிசையாக நிரப்பிக்கொள்ளும். ஒவ்வொன்றிலும் 17, 19 இருக்கும். இதைவிடக் கொடுமை ஒன்று: ஒவ்வொரு பொட்டலத்தின் ஐபி தலைப்பிலும் அது எந்த வகை என்று சொல்லும் ஓர் எண் உண்டு; யுடிபி என்ற வகைக்கு உரிய எண்ணே 17. முகவரி தேடும் டிஎன்எஸ் கேள்விகள் பெரும்பாலும் யுடிபியில்தான் போகும். அத்தனையும் மோடத்திலேயே மடிந்தன.

ஏழு, எட்டு ஊசிகளும் இணைந்த கேபிள் போட்டு, மோடத்தையும் கணினியையும் அந்த வழிக்கு மாற்றுவதே முறையான வைத்தியம். கேபிளுக்கு ராமநாதபுரம் போக வேண்டும். அன்றைக்கு, லினக்ஸில் பிபிபியை நடத்தும் பிபிபிடி நிரலின் அமைப்புக் கோப்பில் 'எஸ்கேப் 11,13' என்று ஒரு வரி சேர்த்தேன். பதினாறடிமானத்தில் அவைதான் 17-உம் 19-உம். இனி அவை எப்போதும் வேஷத்தோடுதான் போகும்.

மோடத்தை அணைத்துப் போட்டு மறுபடி பிங் ஓட்டினேன். 17 வந்தது. 19 வந்தது. 40 தாண்டிய பிறகுதான் நிறுத்தினேன்.