வேலியோரத்துக் கலப்பைக் கிழங்கு

போன ஆவணியில் உப்புவெளியிலிருந்து ஓர் அம்மா ஷொப்பிங் பையில் ஒரு கிழங்கோடு வந்தார். "வேலிக்கரையைக் கொத்தேக்க வந்தது டொக்டர். வள்ளிக்கிழங்கு மாதிரிக் கிடக்கு. அவிச்சுச் சாப்பிடலாமோ?"

விரலை விடக் கொஞ்சம் தடிப்பு. மண்ணிறத் தோல். நடுவில் வளைந்து, கலப்பை போல இரண்டாகப் பிரிந்திருந்தது. கத்தியால் கீறினால் உள்ளே வெள்ளை.

"கார்த்திகையில அந்த இடத்தில என்ன பூத்தது?" என்று கேட்டேன்.

யோசித்தார். அப்புறம் பையைக் கீழே வைத்துவிட்டார்.

கலப்பைக் கிழங்கு கார்த்திகைப்பூக் கொடியின் கிழங்கு. கார்த்திகைப்பூவை எங்கள் ஊரில் தெரியாதவர் இல்லை. மாரி மழையோடு கொடி ஏறும். இலை நுனி சுருண்டு வேலியைப் பற்றும். மஞ்சளும் சிவப்புமாக ஆறு இதழ்கள் மேல்நோக்கி மடியும். சிக்கல் கோடையில்தான். கொடி பட்டுப்போய், கிழங்கு மட்டும் மண்ணுக்குள் கிடக்கும். ராசவள்ளியும் அப்படித்தான். வெட்டினால் ஊதா என்றால் ராசவள்ளி என்பார்கள். வெள்ளையாக இருக்கிற வள்ளியும் உண்டே! தொலைபேசியில் படம் பிடித்துச் செடியின் பெயர் கேட்பவர்களுக்கும் இலையும் பூவும் வேண்டும். வெறும் கிழங்கை வைத்துக்கொண்டு நானே நிச்சயமாகச் சொல்ல மாட்டேன். அதனால் பூக்கும்போதே இடத்தைக் குறித்து வையுங்கள்.

செடி முழுவதிலும் கொல்ச்சிசின் என்ற நஞ்சு உண்டு, கிழங்கிலும் விதையிலும் அதிகம். அவித்தாலும் போகாது. சாப்பிட்ட சில மணித்தியாலங்களில் வாந்தி, வயிற்றோட்டம் தொடங்கும். இதை 'சாப்பாடு ஒத்துக்கொள்ளேல்லை' என்று வீட்டில் வைத்திருப்பார்கள். வயிறு கொஞ்சம் அடங்கும், ஆள் எழுந்து தேத்தண்ணீர் கேட்பார். எனக்குப் பயம் அந்த நேரத்தில்தான். இரண்டாம், மூன்றாம் நாளில் இரத்த அழுத்தம் விழலாம், சிறுநீரகம் பழுதாகலாம், எலும்பு மச்சை வெள்ளணுக்களை உண்டாக்குவதை நிறுத்தலாம். தப்பியவர்களுக்கு ஒன்றிரண்டு கிழமையில் முடி கொட்டும்.

உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அம்புலன்ஸுக்கு 1990 என்ற இலக்கத்தை அழையுங்கள். மிச்சக் கிழங்கையும், கிடைத்தால் கொடியையும், கையோடு கொண்டு வாருங்கள்.

அந்த அம்மா கொடியை அழிக்கவில்லை. பூ நல்ல வடிவாம். கிழங்கு கிடந்த இடத்தைச் சுற்றிச் சுண்ணாம்பு பூசிய கல் வைத்திருக்கிறாராம்.